கான்கிரீட் கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர்



வீட்டுக்கு நல்ல ஸ்டீரியோ வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, "இந்த ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்ளிஃபையர் பொருந்தும்?" என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருந்துகொண்டு அதை முதல் கேள்வியாகக் கேட்பது வரிசை தப்பிய காரியம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது கூடம். பிறகு அந்தக் கூடத்துக்கு ஏற்ற ஸ்பீக்கர், அதை வைக்கும் இடம். ஆம்ப்ளிஃபையர் கடைசி. அது ஒரு தாளில் கணக்குப் போட்டு முடித்துவிடக்கூடிய விஷயம். அதற்கு ரசனையும் வேண்டாம், ராசிப் பொருத்தமும் வேண்டாம். நடப்பிலோ எல்லாம் தலைகீழ். ஒதுக்கிய பணத்தில் பாதியை ஆம்ப்ளிஃபையருக்கும் கேபிளுக்கும் கொடுத்துவிட்டு, ஸ்பீக்கரை டிவி மேசையின் இரண்டு ஓரத்திலும் இடம் கிடைத்த மட்டில் செருகுகிறோம். கூடத்தைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. சரியாகக் கேட்கவில்லை என்றால் மறுபடி ஆம்ப்ளிஃபையரைத்தான் மாற்றுகிறோம்.

கூடத்திலிருந்தே தொடங்குவோம். இந்நாட்டில் குடியிருப்போரில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் வீவக வீடுகளில் இருக்கிறோம். தாமான் ஜூரோங், பூன் லே பக்கத்துப் பழைய மூவறை வீடு 60 முதல் 65 சதுர மீட்டர் இருக்கும். நாலறை வீடு 90 சதுர மீட்டர் அளவு. கூடத்தின் அகலம் மூன்றரை மீட்டருக்கு முன்பின்னாக இருக்கும், உயரம் 2.6 மீட்டர். சோபாவுக்கும் டிவி சுவருக்கும் இடையே மூன்று மீட்டர் கிடைத்தால் அதிகம். மேலே, கீழே, பக்கவாட்டில் கான்கிரீட். தரையில் வழவழப்பான ஓடு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. இரண்டு சுவர்களுக்கு நடுவிலுள்ள தூரத்தைப்போல் இரு மடங்கு நீளமுள்ள ஒலியலை அந்தச் சுவர்களுக்குள் மாட்டிக்கொண்டு வெளியேற வழியின்றி உறுமும். சுவர்கள் 3.4 மீட்டர் இடைவெளியில் நின்றால் அந்த உறுமல் 50 ஹெர்ட்ஸில், 2.6 மீட்டர் உயரக் கூரைக்கும் தரைக்கும் நடுவே 66 ஹெர்ட்ஸில். பேஸ் கிதாரின் நான்கு தந்திகளும் விரலால் அழுத்தாதபோது 41-இலிருந்து 98 ஹெர்ட்ஸ் வரை ஒலிப்பவை. அதாவது இளையராஜா பாட்டொன்றில் பேஸ் கிதார் படியேறி இறங்கும்போது அதன் ஒரு சுரம் ஊதிப் பெருத்துக் கேட்கும், அடுத்த சுரம் காணாமல் போகும். வாசித்தவர் எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில்தான் வாசித்திருப்பார்.

இங்கே ஒரு விவரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் படிக்கிற ஸ்பீக்கர் விமர்சனங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ எழுதப்படுபவை. அமெரிக்க வீடுகளில் சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் அறைந்த ஜிப்சம் பலகை. தாழ்ந்த ஒலி பட்டதும் அந்தப் பலகை லேசாக அதிர்ந்து ஒலியின் ஒரு பகுதியைத் தின்றுவிடும். 125 ஹெர்ட்ஸில் அது சுமார் 29 சதவீதத்தை உறிஞ்சும் என்று ஒலியியல் அட்டவணைகள் சொல்கின்றன. வர்ணம் பூசிய கான்கிரீட் உறிஞ்சுவது ஒன்று, மிஞ்சினால் இரண்டு சதவீதம். மீதி அப்படியே திரும்பி அறைக்குள் வருகிறது. ஆகவே டெக்சாஸில் உட்கார்ந்து ஒருவர் "இந்தச் சிறிய ஸ்பீக்கரில் பேஸ் போதாது" என்று எழுதினால், ஜூரோங் வெஸ்ட்டில் அதே ஸ்பீக்கர் போதும் போதும் என்றாகிவிடலாம். அவர் "நிறைவான, ஆழமான பேஸ்" என்று புகழ்கிற ஆளுயர ஸ்பீக்கர் நம் கூடத்தில் தொல்லை. நமக்கு ஒரு அனுகூலமும் உண்டு: நாம் ஜன்னலைத் திறந்து வைத்து வாழ்கிறவர்கள். திறந்த ஜன்னல் வழியே போன ஒலி திரும்பாது; அதைவிட நல்ல உறிஞ்சி உலகில் இல்லை. குளிர்சாதனத்தைப் போட்டு ஜன்னலை மூடியதும் அதே பாட்டு கனத்துப்போவது இதனால்தான். அது உங்கள் காதின் மயக்கம் என்று நினைத்துவிட வேண்டாம்.

சுவரிலிருந்து ஸ்பீக்கர் நிற்கும் தூரமும் பெரிய மாற்றம் செய்யும். பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேரே வரும் ஒலியோடு மோதி ஏதாவது ஒரு சுரத்தை அழிக்கிறது. ஸ்பீக்கரின் முகப்பு சுவரிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால் அந்தப் பள்ளம் 143 ஹெர்ட்ஸ் பக்கம் விழும்; 80 சென்டிமீட்டர் என்றால் 107. ஆண் குரலின் அடிக்கட்டு இருக்கும் இடம் இதுதான். சுவரை ஒட்டி வைத்தால் பள்ளம் மேலே நகர்ந்துவிடும், ஆனால் பேஸ் 6 டெசிபல் வரை கூடும். ஒரு சாண் நகர்த்தினால் நிகழ்கிற இந்த மாற்றத்தை எந்த ஆம்ப்ளிஃபையரை மாற்றியும் பெற முடியாது. சோதிக்கக் கச்சேரிகூட வேண்டாம். ஒலி 96.8 வானொலியில் ஆண் அறிவிப்பாளர் ஒருவர் செய்தி வாசிக்கும்போது கேளுங்கள். குடத்துக்குள் இருந்து பேசுவதுபோல் இருந்தால் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னே இழுங்கள். மனிதர் எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல் ஆகும் இடத்தில் தரையில் ஒரு ஒட்டுத்தாள் போட்டு அடையாளம் வையுங்கள்.

"இதெல்லாம் பேப்பர் கணக்கு, காது வேறு சொல்கிறதே" என்று ஒருவர் கேட்கலாம். காது என்ன சொல்கிறது என்பதையே ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் பல ஆண்டுகள் ஸ்பீக்கர்களை ஆராய்ந்த ஃப்ளாய்ட் டூல், பிறகு அமெரிக்காவின் ஹர்மான் நிறுவனத்துக்குப் போய் ஷான் ஆலிவ் என்பவருடன் சேர்ந்து 1994-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். நாற்பது பேர், நான்கு ஸ்பீக்கர்கள். ஒருமுறை ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரிய, மறுமுறை திரைக்குப் பின்னால். கண்ணுக்குத் தெரிந்தபோது பெயரும் உருவமும் விலையும் மதிப்பெண்ணைத் தூக்கின; திரை விழுந்ததும் பெரியதற்கும் சிறியதற்கும் இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு முடிவு. திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரின் இடத்தை மாற்றியபோது கேட்டவர்கள் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து மதிப்பெண்ணை மாற்றினார்கள். கண்ணுக்குத் தெரிந்தபோதோ, இடம் மாறியதால் உண்மையிலேயே மாறிய ஒலியைப் பெரும்பாலும் பொருட்படுத்தவே இல்லை. பெட்டியைப் பார்த்துவிட்ட கண், காதுக்குக் கேட்டதையும் அமுக்கிவிடுகிறது. நம் வீட்டுக் கூடங்களில் நடப்பதும் இதுதான்.

இத்தகைய சோதனைகள் மேல் ஒரு பழைய ஆட்சேபம் உண்டு: அவசர அவசரமாக மாற்றி மாற்றிக் கேட்பது இசை கேட்பது ஆகாது, மாதக் கணக்கில் வாழ்ந்து பார்த்தால்தான் ஒரு கருவியின் குணம் தெரியும் என்பார்கள். பாதி சரி. களைப்பு தருகிற ஸ்பீக்கரை அரை மணியில் அடையாளம் காண்பது கடினம். ஆனால் மாதக் கணக்கில் கேட்கும்போது மாறுவது ஸ்பீக்கரைவிட நாம்தான். காது எதற்கும் பழகிக்கொள்ளும். கோணலான ஒலியும் மூன்றாவது மாதத்தில் நேராகிவிடும். பழக்கத்தின் சாட்சியத்தை வைத்து இரண்டாயிரம் வெள்ளியைச் செலவழிக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். டூல் சொன்ன இன்னொரு செய்தி நமக்கு நேரடியாகப் பயன்படும்: ஸ்பீக்கரின் குறையைக் கண்டுபிடிக்க இரண்டைவிட ஒன்றே மேல். ஸ்டீரியோவில் இடமும் வலமும் சேர்ந்து உருவாக்கும் விசாலம் குறைகளை மறைத்துவிடுகிறது. ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பவர் கறாராக மதிப்பிடுகிறார்.

இந்த இடத்தில் தமிழ் கேட்பவனுக்கு வெள்ளைக்காரனுக்கு இல்லாத ஒரு வசதி வாய்த்திருக்கிறது. நம் வீட்டில் ஒலிப்பவற்றில் பெரும்பகுதி மோனோ. விஸ்வநாதன்–ராமமூர்த்தி, கே.வி. மகாதேவன் காலத்துப் பாட்டெல்லாம் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. தமிழ்த் திரைப்பாடல் முதன்முதலாக ஸ்டீரியோவில் பதிவானது 1978-இல் வந்த 'ப்ரியா'வுக்கு என்று பரவலாகச் சொல்வார்கள். சுஜாதாவின் கதை, எஸ்.பி. முத்துராமனின் இயக்கம், இளையராஜாவின் இசை. படம் பிடிக்க வந்ததும் நம் சிங்கப்பூருக்குத்தான். அதற்கு முந்தைய பி. சுசீலா பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேலன்ஸ் திருகை முழுக்க ஒரு பக்கம் திருப்பி ஒரே ஸ்பீக்கரில் கேளுங்கள். ச, ஷ வரும் இடத்தில் சீறுகிறதா? உச்சத்தில் நின்று நீட்டும்போது குரல் தாழ்ந்த ஒலிக்கான வூஃபரிலிருந்து உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டருக்குக் கை மாறுவது தெரிகிறதா? எழுந்து நின்று கேட்டால் குரலின் நிறம் மாறுகிறதா? கடையில் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். பிறகு திருகை நடுவில் வையுங்கள். மோனோ பாட்டு இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி வருவதால், குரல் இரண்டுக்கும் நடுவே, எதுவும் இல்லாத வெற்றிடத்தில், ஓர் ஆள் முகத்தளவு இடத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் நீங்கள் உட்காரும் தூரம் சமமில்லை, அல்லது ஒரு பக்கம் ஜன்னலும் மறு பக்கம் சுவருமாக இருக்கிறது. புகைபோல் பரந்தால் சோபாவுக்கு முன் வெறும் ஓட்டுத்தரை ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. ஒரு தடித்த கம்பளம் போட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். ஸ்டீரியோ விளைவைக் காட்டுவதற்கென்றே தயாரித்த டெமோ தட்டுகளால் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது.

அடுத்து மிருதங்கம். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், சிவகாலி குமாருடன் சேர்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். 1934-இல் விரிவாகவும் எழுதினார். சாதாரணத் தோல் வாத்தியத்தின் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை, அதனால் முரசில் ஓசை உண்டு, சுருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பும் கரணை, தோலின் எடையை நடுவில் கூட்டி, மேற்சுரங்களை அடிச்சுரத்தின் முழு மடங்குகளாக வரிசைப்படுத்துகிறது. அதனால்தான் அதைத் தம்புராவோடு சுருதி சேர்க்க முடிகிறது. இந்த வரிசை அடிச்சுரத்தில் தொடங்கி நடு ஒலிப் பகுதியில் ஏறிச் செல்வது. ஸ்பீக்கர் அந்தப் பகுதியில் மேடும் பள்ளமுமாக இருந்தால் 'தீம்' என்ற சொல் தகரத்தில் தட்டியதுபோல் சுருதி இழக்கும். இடந்தலையான தொப்பியோ கூடத்தைச் சோதிக்கும். தனி ஆவர்த்தனத்தில் வித்வான் தொப்பியில் கும்கி கொடுத்துக் கையால் அமுக்கும்போது ஒலி அந்தக் கணத்தில் நிற்க வேண்டும். அவர் கை நின்ற பிறகும் உங்கள் கூடம் 'ம்ம்' என்று தொடர்ந்தால், அது 50, 66 என்று முன்பு சொன்ன கணக்கின் வேலை. உண்மை ஓசை எப்படி இருக்கும் என்று மறந்துவிட்டவர்கள் சிராங்கூன் ரோட்டுக் கோயில் ஒன்றில் பூஜை நேரத்தில், மைக் இல்லாத நாதஸ்வரத்தையும் தவிலையும் கேட்டுவிட்டு வந்து ஸ்பீக்கர் வாங்கலாம். சபா கச்சேரியை அளவுகோலாக வைக்காதீர்கள். அங்கே கேட்பதும் ஒரு ஸ்பீக்கரைத்தான்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், நம் கூடத்துக்கு எது பொருந்தும்? என் தீர்ப்பு: ஐந்து அல்லது ஆறு அங்குல வூஃபர் கொண்ட சிறிய பெட்டி, உறுதியான தாங்கியின் மேல், ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி. அது முழுக்க மூடியதாகவோ, காற்றுத் துளை முன்பக்கம் இருப்பதாகவோ இருந்தால் சுவருக்குப் பக்கத்தில் வைக்க எளிது. இதற்கு மிகப் பழைய முன்னோடி இருக்கிறது. 1970-களின் முற்பகுதியில் பிபிசியின் ஆய்வுத்துறை, வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்துக் கேட்க எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கரை வடிவமைத்தது. உயரம் 30 சென்டிமீட்டர், அகலம் 19. மூடிய பெட்டி. வண்டிக்குள் பெரிய பேஸ் தேவையில்லை, மனிதக் குரல் தப்பில்லாமல் கேட்க வேண்டும் என்பதே நோக்கம். அது வீட்டுக்கு என்று செய்ததே இல்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகளாக அதன் வாரிசுகள் சிறிய அறைகளில் குடியிருக்கிற ரசிகர்களிடம் விலைபோகின்றன. நம் ஊரிலேயே 1971 முதல் 1985 வரை இருந்த ஜூரோங் டிரைவ்-இன் திரையரங்கில் முழுப்படத்தின் ஒலியையும் காருக்கு ஒன்றாக வைத்த சின்ன ஸ்பீக்கரில்தான் கேட்டார்கள். அதன் தரத்தைப் புகழ்வதற்கில்லை. காதுக்குப் பக்கத்தில், சிறிய இடத்தில், எவ்வளவு குறைந்த சக்தி போதும் என்பதற்கு மட்டும் அது நல்ல சான்று.

"அப்படியானால் ரகுமான் பாட்டில் வயிற்றில் இடிக்கிற அந்த அடி?" இது நேர்மையான எதிர்ப்பு, மழுப்பக்கூடாது. 'ரோஜா'வுக்குப் பிறகு வந்த திரையிசையில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் வேலை நடக்கிறது. ஐந்து அங்குல வூஃபர் அதைத் தராது. சப்வூஃபர் ஒன்றைச் சேர்த்து, அதை மெல்ல நகர்த்தி, உறுமல் குறைந்த இடத்தைத் தேடி வைத்தால் தொழில்நுட்பப்படி பிரச்சினை தீரும். ஆனால் தாழ்ந்த ஒலியைத் தடுப்பதில் சுவர் பலவீனமானது. அலைவெண் பாதியாகக் குறையும்போதெல்லாம் சுவரின் தடுப்புத்திறன் கிட்டத்தட்ட 6 டெசிபல் குறைந்துகொண்டே போகும். சித்ராவின் குரலை உங்கள் சுவர் நிறுத்திவிடும். இடியை நிறுத்தாது. பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும் அறைக்கு அது மட்டும் தனியாகப் போய்ச் சேரும். இரவில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அமைதி காக்க வேண்டும் என்ற வழக்கம் தெரிந்ததே. இடிக்கு அந்த நேரக் கணக்கும் பொருந்தாது, பகலிலேயே அது சண்டையில் முடியும். நாலறை வீட்டில் அந்த அடியைக் கொஞ்சம் தியாகம் செய்வதே புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். வேண்டும் என்பவர் நல்ல ஹெட்ஃபோன் வாங்கட்டும்.

இப்போது ஆம்ப்ளிஃபையர். மூன்று எண்கள் போதும்: ஸ்பீக்கரின் திறன், நீங்கள் உட்காரும் தூரம், ஸ்பீக்கரின் மிகக் குறைந்த ஓம். ஸ்பீக்கர் தாளில் '86 டெசிபல், 2.83 வோல்ட், 1 மீட்டர்' என்று போட்டிருக்கும். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் ஒரு வாட். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திறந்த வெளிக் கணக்கில் ஒன்பதரை டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் இருப்பதால் மூன்று கூடும். கூடத்தின் சுவர்கள் திருப்பித் தருவது இன்னொரு மூன்று. ஆக, சோபாவில் ஒரு வாட்டுக்குச் சுமார் 82 டெசிபல். அது ஏற்கெனவே உரத்த ஒலி. சராசரி 75 டெசிபலில் கேட்டு, திடீரென எழும் உச்சங்களுக்கு 20 டெசிபல் இடம் விட்டால் 95 வேண்டும். இன்னும் 13 டெசிபல். பத்து டெசிபலுக்குப் பத்து மடங்கு, மூன்றுக்கு இரண்டு மடங்கு. இருபது வாட். ஸ்பீக்கர் 90 டெசிபல் திறனுடையது என்றால் எட்டு வாட். எல்எஸ்3/5ஏ போல 82 என்றால் ஐம்பது. ஐம்பது வாட்டிலிருந்து நூறுக்குப் போனால் கிடைப்பது வெறும் மூன்று டெசிபல். 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று காதுக்குத் தோன்றும் அளவு. இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். 1978-இல் வந்த நாட் 3020 இருபதே வாட் ஆம்ப்ளிஃபையர். உலகில் மிக அதிகமாக விற்றவற்றுள் ஒன்று அது. அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை நம்பவும் கூடாது. தொண்ணூறுகளில் ரேடியோ கேசட் பெட்டிகளின் மேல் ஆயிரக்கணக்கில் 'பிஎம்பிஓ' வாட் அச்சடித்திருந்தது நினைவிருக்கும். கரண்ட் கம்பியில் அவ்வளவு சக்தி உள்ளே போகவே இல்லை, வெளியே எங்கிருந்து வரும்?

வாட்டைவிட ஓம் முக்கியம் என்று சொன்னால் மிகையில்லை. 'எட்டு ஓம்' என்பது பெயருக்குச் சொல்லும் எண். அலைவெண் மாற மாற அது ஏறி இறங்கும். சில ஸ்பீக்கர்கள் ஏதோ ஒரு பகுதியில் மூன்று ஓமுக்கும் சரிகின்றன. அங்கே ஆம்ப்ளிஃபையர் அதிக மின்னோட்டம் தர வேண்டும். தர முடியாதது சூடேறும், ஒலி கரகரக்கும், பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும். ஆகவே ஆம்ப்ளிஃபையர் தாளில் எட்டு ஓமுக்கும் நான்கு ஓமுக்கும் இரண்டு எண்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நான்கு ஓமில் வாட் ஏறத்தாழ இரண்டு மடங்கானால் மின்வழங்கி உறுதியானது. நான்கு ஓம் எண்ணையே தராமல், 'ஆறு ஓம், ஒரு பக்கம் மட்டும் இயக்கி' என்று போட்டிருந்தால் கழித்துப் பாருங்கள். பொருத்தம் என்று நான் ஏற்பது இவ்வளவுதான். இதற்கு மேல் "இந்த ஆம்ப்ளிஃபையர் இனிமை, அந்த ஸ்பீக்கர் கூர்மை, இரண்டும் சேர்ந்தால் சமநிலை" என்பதற்குச் சான்று கேட்டால் பதில் மெலிகிறது. 1985-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் பாப் கார்வர், 'ஸ்டீரியோஃபைல்' இதழ்க்காரர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த வால்வ் ஆம்ப்ளிஃபையரின் ஒலியைத் தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் சில நாட்களில் கொண்டுவந்து காட்டினார். இதழாசிரியர்களால் பிரித்தறிய முடியவில்லை. வேறுபாடு இல்லை என்று அது நிரூபிக்கவில்லை. வேறுபாடு அளந்து எட்டிவிடக்கூடியது என்று நிரூபித்தது. வால்வ் ஆம்ப்ளிஃபையருக்கு உள்ளேயே ஓம் கொஞ்சம் இருப்பதால், ஸ்பீக்கரின் ஓம் ஏறும் இடத்தில் ஒலியும் ஏறும். 'இனிமை'யின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. பிடித்தால் வாங்கலாம். நம் வெப்பத்தில் அறைக்குள் இன்னொரு அடுப்பை ஏற்றிக்கொண்டு, அதைத் தணிக்கக் குளிர்சாதனத்துக்கும் மின்கட்டணம் கட்டத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றைப் பாராமல் ஆம்ப்ளிஃபையர் வாங்குகிறார்கள். நாம் இரவில் மெதுவாகக் கேட்பவர்கள். ஒலி குறையும்போது காது பேஸைக் கூடுதலாக இழக்கிறது. ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே வரைந்து காட்டிய உண்மை இது. அதைச் சரிக்கட்டத்தான் பழைய ஆம்ப்ளிஃபையர்களில் 'லவுட்னெஸ்' பொத்தான் இருந்தது. சுத்தம் என்ற பெயரில் பலர் அதையும் டோன் திருகுகளையும் நீக்கிவிட்டார்கள். வீவக வீட்டில் பத்து மணிக்குக் கேட்பவனுக்கு அந்தப் பொத்தான் கூடுதல் ஐம்பது வாட்டைவிடப் பயன் தரும்.

ஆம்ப்ளிஃபையர் என்ற தனிப் பெட்டியே எதற்கு, ஸ்பீக்கருக்குள்ளேயே அது இருக்கும் வகை வந்துவிட்டதே என்பவர்களும் உண்டு. என் வாதப்படி அவர்களுக்குத்தான் வெற்றி. பொருத்தம் பொறியியல் கணக்கு என்றால் அதைத் தொழிற்சாலையிலேயே போட்டுவிடுவது சிறப்பு. 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையால் கணினிக்கு ஒலி கொடுத்த, சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் நம் ஜூரோங் ஈஸ்ட்டின் இன்டர்நேஷனல் பிசினஸ் பார்க்கிலிருந்துதான் அந்த மாதிரி சிறு ஸ்பீக்கர்களை உலகுக்கு விற்றது. தயக்கம் ஒன்று மட்டும். இந்த ஈரத்திலும் சூட்டிலும் முதலில் வயதாவது மின்சுற்றிலுள்ள கெப்பாசிட்டர்கள். நல்ல மரப்பெட்டி ஸ்பீக்கர் முப்பது வருடம் இருக்கும். அதற்குள் இருக்கும் சுற்று பத்தில் போனால், உதிரி கிடைக்காவிட்டால், நல்ல வூஃபரையும் சேர்த்து எறிய வேண்டும். இடமும் கம்பியும் மிச்சம் என்பவர்கள் அந்த விலையைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

கடைசியாக, வாங்கும் இடம். சிட்டி ஹால் பக்கத்து அடெல்ஃபியில் அடுக்கடுக்காகக் கடைகள். லிட்டில் இந்தியாவை ஒட்டி சிம் லிம் டவரிலும் சிம் லிம் ஸ்குவேரிலும் சிறு ரகங்கள். கடை அறை நன்றாகக் கம்பளம் விரித்து, ஒலி அடக்கி, அளந்து அமைத்தது; அங்கே கேட்டது வீட்டில் கேட்காது. கடைக்காரர் மேல் குற்றமில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வாரம் வைத்துப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். விடுபவரிடம் நூறு வெள்ளி கூடக் கொடுத்தாலும் தகும். மொத்தம் 2,000 வெள்ளி என்றால் 1,200-ஐ ஸ்பீக்கருக்கும், 500-ஐ ஆம்ப்ளிஃபையருக்கும், மீதியைத் தாங்கிக்கும் கம்பளத்துக்கும் திரைச்சீலைக்கும் வைப்பேன். கேபிளுக்கு சிம் லிம்மில் மீட்டர் கணக்கில் விற்கும் தடித்த செம்புக் கம்பி போதும். இரண்டாங்கை வாங்குவோர் வூஃபர் கூம்பின் ஓரத்து வளையத்தை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் வளைந்து கொடுக்கும். நுரைப்பஞ்சு என்றால் நம் ஈரப்பதத்தில் பத்துப் பதினைந்து வருடத்தில் மாவாகி விரலோடு வரும். வளையத்தை மாற்ற முடியும், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். பழைய ஜப்பானிய ஆம்ப்ளிஃபையர் மலிவாகக் கிடைத்தால் பின்பக்கத்து எழுத்தைப் படிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். ஜப்பான் சந்தைக்குச் செய்தது 100 வோல்ட். நம் சுவரில் வருவது 230. நடுவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதன் விலையையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.